எத்தனையாம் பிள்ளை?
நிரல் வினாக்களும் அவற்றை விடுவிக்கும் முறையும்

"வகுப்பில் எத்தனையாம் பிள்ளை?" என்ற வினாவைக் கேட்காமல் எம் ஊரில் எவரும் ஒரு மாணவனைக் கடந்து சென்றதில்லை. கோயில் வீதியிலும் சந்தையிலும் திருமண வீட்டிலும் பிள்ளையின் பெயரைக் கேட்பதற்கு முன்னரே இவ்வினா எழுந்துவிடும். முதலாம் பிள்ளை என்றால் முதுகிலே ஒரு தட்டு. பதினேழாம் பிள்ளை என்றால் ஒரு பெருமூச்சு. கடல் கடந்து இலண்டன் மாநகரின் தென்மேற்கு மூலைக்கு வந்த பின்னரும் இப்பழக்கம் எம்மை விட்டு அகலவில்லை. மோர்டன் நிலக்கீழ் இரயில் நிலையத்தை அண்டி வாழும் எமது குடும்பங்களில், பிள்ளை ஒன்பது வயதை எட்டியதும் வீட்டின் பேச்சு முழுவதும் பதினொரு வயதுச் சோதனையைச் சுற்றியே அமைந்துவிடுகின்றது.

வரிசை பற்றிய இத்தகைய அக்கறை உடைய எமக்கு, வரிசை பற்றிய வினாக்களே சோதனைகளில் இடறுகல்லாக அமைவது வியப்புக்குரியது. 'அவனிலும் பார்க்க இவன் உயரம், இவளிலும் பார்க்க அவன் கட்டை; ஆகவே மிக உயரமானவர் யார்?' என்ற வகையைச் சேர்ந்தவையே இவை. ஆங்கில மொழித்திறனும் கணித அறிவும் நன்கு வாய்க்கப்பெற்ற பிள்ளைகளும் இவற்றிலே தடுமாறுகின்றனர். அத்தடுமாற்றத்தின் காரணத்தையும் அதனை நீக்கும் எளிய வழிகளையும் பெற்றோர் அறிந்துகொள்ள வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம். இதற்கு உயர்கணிதம் எதுவும் தேவையில்லை. கலைப்பட்டதாரியான யான் விளங்கிக்கொண்டதை எவரும் விளங்கிக்கொள்ளலாம்.

எங்கே இவ்வினாக்கள் வருகின்றன?

மோர்டன் அமைந்துள்ள மேர்ட்டன் பகுதியில் கிரமர் பாடசாலை ஒன்றேனும் இல்லை. ஆனால் அடுத்துள்ள சட்டன் பகுதியில் ஐந்து உள்ளன: சட்டன் கிரமர், வில்சன்ஸ், வோலிங்டன் கவுண்டி கிரமர் ஆகியவை ஆண்பிள்ளைகளுக்கும், வோலிங்டன் பெண்கள் உயர் பாடசாலை, நொன்சச் பெண்கள் உயர் பாடசாலை ஆகியவை பெண்பிள்ளைகளுக்கும் உரியவை. கிங்ஸ்டனில் ரிஃபின் என்னும் பெயர்கொண்ட பாடசாலைகள் இரண்டு உள்ளன. 1944ஆம் ஆண்டின் கல்விச் சட்டத்தை அடுத்து நாடெங்கும் பரவியிருந்த இப்பாடசாலை வகை, பின்னர் பெரும்பாலான இடங்களில் பொதுப்பாடசாலைகளாக மாற்றப்பட்டது. 1998ஆம் ஆண்டுச் சட்டம் புதிய கிரமர் பாடசாலைகளைத் தோற்றுவிப்பதைத் தடை செய்தது. இன்று இங்கிலாந்து முழுவதிலும் எஞ்சியிருப்பவை 163 மட்டுமே. இவற்றுள் ஏழு எம் வாசலுக்கு அண்மையில் இருப்பதே, மோர்டன் பெற்றோரின் நித்திரையைக் கெடுக்கும் காரணமாகும்.

சட்டன் பாடசாலைகளின் பொதுச் சோதனை ஆங்கிலத்தையும் கணிதத்தையும் மட்டுமே அடிப்படையாகக் கொண்டது. கென்ற் மாவட்டச் சோதனையில் தர்க்கத்துக்கெனத் தனி வினாத்தாள் உண்டு. பெயர் எவ்வாறிருப்பினும், வரிசைப்படுத்தும் வினா கணிதத் தாளிலும் நுழையும், வாசிப்புத் தாளிலும் நுழையும். அத்துடன் அது நிற்பதும் இல்லை. மருத்துவக் கல்விக்கு விண்ணப்பிக்கும் மாணவர் எழுதும் உளச்சார்புச் சோதனையில் 'தீர்மானம் எடுத்தல்' என்னும் பகுதி இத்தகைய புதிர்களைக் கொண்டது. அங்கே ஒரு வினாவுக்குக் கிடைப்பது ஏறத்தாழ ஒரு நிமிடமே. தமிழ்நாட்டில் அரசுப் பணிக்கான தேர்வுகளிலும், இலங்கையில் போட்டிப் பரீட்சைகளின் நுண்ணறிவுத் தாள்களிலும் இதே வினாக்களைக் காணலாம். ஆகவே பத்து வயதிலே கற்கும் முறை இருபத்தைந்து வயதிலும் பயன்தரும்.

ஒரு பழைய வினாவின் கதை

நிரல் வினாவுக்கு நூறு ஆண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. இலண்டனில் பணியாற்றிய உளவியலாளர் சிரில் பேர்ட், பாடசாலைப் பிள்ளைகளின் தர்க்கத் திறனை அளக்க அமைத்த சோதனைகளில் மூன்று சிறுமியரின் தலைமயிர் நிறத்தை ஒப்பிடும் வினா ஒன்றைச் சேர்த்திருந்தார். முதலாமவளின் மயிர் இரண்டாமவளுடையதிலும் வெளிறியது. ஆனால் மூன்றாமவளுடையதிலும் கருமையானது. மூவருள் மிகக் கருமையான மயிர் யாருடையது என்பதே அதன் சாரம்.

இச்சோதனைகளைப் பாரிஸ் நகரப் பிள்ளைகளிடம் நடத்திப் பார்க்கும் பணி, அப்போது இளைஞராயிருந்த சுவிற்சர்லாந்தைச் சேர்ந்த ஜீன் பியாஜேயிடம் ஒப்படைக்கப்பட்டது. சரியான விடைகளை எண்ணுவதே அவருக்கிட்ட பணி. அவரோ பிழையான விடைகளிலே அக்கறை கொண்டார். பிழைவிட்ட பிள்ளைகள் மனம்போனபடி பிழைவிடவில்லை. ஒரே வகையிலேயே பிழைவிட்டனர். 'முதலாமவள் இரண்டாமவளிலும் வெளிறிய மயிருடையவள்' என்பதைக் கேட்ட பிள்ளை, 'அப்படியாயின் அவ்விருவரும் வெளிறிய மயிருடையோர்' என்று கொள்கின்றது. 'முதலாமவள் மூன்றாமவளிலும் கருமையானவள்' என்பதைக் கேட்டதும், 'அவ்விருவரும் கரிய மயிருடையோர்' என்று கொள்கின்றது. இரண்டையும் இணைத்து, மூன்றாமவளே மிகக் கருமையானவள் என்று முடிவு செய்கின்றது. உண்மையில் மிகக் கருமையானவள் இரண்டாமவள். பிள்ளை வரிசையை முற்றாகத் தலைகீழாக்கிவிட்டது.

இதிலுள்ள படிப்பினை பெரிது. 'உயரமானவன்' என்பது ஒருவனைப் பற்றிய செய்தி. 'அவனிலும் உயரமானவன்' என்பது இருவருக்கிடையிலான உறவு. இவ்வேறுபாடு உள்ளத்தில் பதியாத பிள்ளைக்கு ஆயிரம் மாதிரி வினாத்தாள்களைக் கொடுத்தாலும் பயன் இல்லை. குள்ளர் இருவரில் ஒருவன் மற்றவனிலும் உயரமாக இருக்கலாம் என்பதை முதலில் வீட்டிலுள்ள கரண்டிகளையும் கோப்பைகளையும் அடுக்கிக் காட்டி உணர்த்த வேண்டும்.

எமது இலக்கணமும் இவ்வுறவைத் தனியே பிரித்து நோக்கியுள்ளது. ஒன்றை மற்றொன்றோடு ஒப்பிட்டுக் கூறுதலைத் தொல்காப்பியர் ஐந்தாம் வேற்றுமையின் பொருளுள் அடக்கினார். பெயர்களை ஒரு வரிசையிலும் அவற்றுக்குரிய வினைகளையோ பண்புகளையோ மறு வரிசையிலும் நிறுத்திப் பொருள்கொள்ளும் முறைக்கு நிரல்நிறை என்று பெயர். நேர்வரிசையிற் கொள்வது முறை நிரல்நிறை; மறுதலையாகக் கொள்வது எதிர் நிரல்நிறை. செய்யுளைக் கொண்டுகூட்டிப் பொருள் கண்ட மரபில் வந்தவர்க்கு, வாக்கியத்தில் வரும் ஒழுங்கு வேறு, பொருளின் ஒழுங்கு வேறு என்பது புதிய செய்தி அன்று. நிரல் வினாவை அமைப்பவர் செய்யும் சூழ்ச்சியும் இதுவே: பொருளின் ஒழுங்கை வாக்கியத்தின் ஒழுங்குக்குள் மறைத்துவைப்பது.

முதல் விதி: கோடு வரைக

1960களில் அமெரிக்க உளவியலாளர் இவ்வினாக்களை மீண்டும் ஆராய்ந்தனர். மனிதர் உள்ளத்தில் ஒரு கோட்டை அமைத்து அதன்மேல் ஆட்களை நிறுத்தியே விடை காண்கின்றனர் என்று ஒரு சாரார் கூறினர். வாக்கியத்தின் சொல்லமைப்பே கடினத்தைத் தீர்மானிக்கின்றது என்று மறுசாரார் கூறினர். எமக்கு இவ்விரண்டும் வேண்டியவையே. சொல்லைக் கவனமாகப் படித்து, பின்பு கோட்டிலே நிறுத்த வேண்டும். உள்ளத்தில் கோடு வரைவதிலும் தாளில் வரைவது பாதுகாப்பானது.

உயரமாயின் மேலிருந்து கீழாகக் கோடு வரைக, மேலே உயரமானவர். வயதாயின் மேலே மூத்தவர். வரிசையில் நிற்போராயின் இடமிருந்து வலமாகக் கோடு வரைக. ஓட்டப்போட்டியாயின் முதலில் வந்தவர் இடப்பக்கம். ஒருமுறை திசையைத் தீர்மானித்தால் இறுதிவரை மாற்றுதல் ஆகாது. ஒரே வினாவில் ஒரு கூற்று 'மூத்தவள்' என்றும் மறு கூற்று 'இளையவள்' என்றும் வருமாயின், இரண்டையும் 'மூத்தவள்' என்ற ஒரே திசைக்கு மாற்றி எழுதிக்கொள்ள வேண்டும். பெயர்களின் முதலெழுத்து போதும்.

எடுத்துக்காட்டாக: குமரனிலும் பார்க்க மாலதி உயரம். சிவா குமரனிலும் பார்க்கக் கட்டை. இவற்றை மா > கு, கு > சி என எழுதினால், மா > கு > சி என்னும் சங்கிலி தானாகவே அமைந்துவிடும். இரு கூற்றிலும் வரும் குமரனே சங்கிலியின் கொளுவி. கொளுவியைத் தேடுவதே முதல் வேலை.

மொழியிலுள்ள பொறிகளையும் பிள்ளைக்குக் காட்ட வேண்டும். 'குமரன் மாலதியளவு உயரமில்லை' என்றால் மாலதியே உயரம். ஆனால் 'குமரன் மாலதியைவிட உயரமானவன் அல்லன்' என்றால் இருவரும் சம உயரமாகவும் இருக்கலாம். ஆங்கிலத்திலும் இவ்விரு கூற்றுக்கும் இடையே இதே வேறுபாடு உண்டு. ஆங்கிலத்தில் ஒப்பிடப்படுபவர் முதலிலும் அளவுகோலாக அமைபவர் இறுதியிலும் வருவர். தமிழிலோ 'குமரனைவிட மாலதி' என அளவுகோல் பெரும்பாலும் முந்திக்கொள்ளும். வீட்டில் தமிழிலும் பாடசாலையில் ஆங்கிலத்திலும் சிந்திக்கும் பிள்ளை இரண்டு ஒழுங்குகளுக்குமிடையே மாறிமாறிச் செல்கின்றது. இதைக் குறைபாடாகக் கருத வேண்டியதில்லை. ஒரே கூற்றை இரு மொழியிலும் சொல்லப் பழகிய பிள்ளை, சொல்லின் ஒழுங்கை நம்பாது பொருளின் ஒழுங்கைத் தேடக் கற்றுக்கொள்கின்றது. ஆகவே இவ்வினாக்களை வீட்டில் தமிழிலேயே செய்து பார்ப்பதால் ஆங்கிலச் சோதனைக்குக் கேடு வராது, நன்மையே விளையும்.

இரண்டாம் விதி: தெரியாததைத் தெரிந்ததாகக் கொள்ளற்க

மேற்கண்ட சங்கிலியோடு 'மாலதி இளங்கோவிலும் உயரமானவள்' என்ற கூற்றையும் சேர்ப்போம். நால்வருள் மிக உயரமானவர் யார்? மாலதி; ஐயமில்லை. இரண்டாவது உயரமானவர் யார்? இங்கேதான் பிள்ளைகள் வழுக்கி விழுகின்றனர். இளங்கோ மாலதியிலும் கட்டை என்பது மட்டுமே தெரியும். அவன் குமரனுக்கு மேலேயும் இருக்கலாம், இடையிலும் இருக்கலாம், சிவாவுக்குக் கீழேயும் இருக்கலாம். ஆகவே 'தீர்மானிக்க முடியாது' என்பதே சரியான விடை.

இவ்விடையை எழுத எமது பிள்ளைகள் அஞ்சுகின்றனர். வினா என்றால் விடை ஒரு பெயராகவே இருக்க வேண்டும் என்ற எண்ணம் எமது வகுப்பறைகளிலிருந்து வந்த பழக்கம். ஆசிரியர் கேட்டால் தெரியாது என்று சொல்லலாகாது என்று வளர்த்தோம். ஆனால் 'எனக்குத் தெரியாது' என்பது வேறு. 'தரப்பட்ட செய்தி போதாது' என்பது வேறு. பின்னையது அறியாமை அன்று, அறிவு. சங்கிலியில் கொளுவப்படாத ஆளைக் கோட்டுக்குப் பக்கத்தில் தனியே எழுதி, அவர் நிற்கக்கூடிய எல்லைகளை அம்புக்குறியால் காட்டப் பழக்கினால் இத்தயக்கம் நீங்கும்.

மூன்றாம் விதி: இரு முனையிலிருந்தும் எண்ணுக

அடுத்த வகை, இடத்தை எண்ணால் கூறும் வினாக்கள். இதற்கான சூத்திரம் கைவிரலிலேயே உண்டு. சுட்டுவிரல் பெருவிரற் பக்கத்திலிருந்து 2ஆவது. சிறுவிரற் பக்கத்திலிருந்து 4ஆவது. இரண்டையும் கூட்டினால் 6. ஆனால் விரல்கள் ஐந்தே. காரணம், சுட்டுவிரலை இருமுறை எண்ணிவிட்டோம். ஆகவே ஒன்றைக் கழிக்க வேண்டும்.

மொத்தம் = மேலிருந்து இடம் + கீழிருந்து இடம் − 1.

வகுப்பிலே ஒருவன் மேலிருந்து 7ஆம் பிள்ளை, கீழிருந்து 12ஆம் பிள்ளை என்றால் வகுப்பில் 18 பேர். சூத்திரம் மறந்தால் அஞ்ச வேண்டியதில்லை. கையை விரித்து ஒரு விரலை எண்ணினால் அது மீண்டும் கிடைத்துவிடும். மனப்பாடம் செய்த சூத்திரம் பரீட்சை மண்டபத்தில் கைவிடக்கூடும், கைவிரல் கைவிடாது.

இருவருக்கு இடையில் எத்தனை பேர் என்ற வினாவில், முதலில் இருவரின் இடத்தையும் ஒரே முனையிலிருந்து எண்ணிக்கொள்ள வேண்டும். 30 பேர் நிற்கும் வரிசையில் ஒருத்தி இடமிருந்து 8ஆவது, மற்றொருத்தி வலமிருந்து 9ஆவது. பின்னையவள் இடமிருந்து 30 − 9 + 1 = 22ஆவது. இடையில் நிற்போர் 22 − 8 − 1 = 13. இதே வினாவை 20 பேர் நிற்கும் வரிசையில் இடமிருந்து 14, வலமிருந்து 12 என்று மாற்றிக் கேட்டால், இரண்டாமவள் இடமிருந்து 9ஆவது. அவள் முதலாமவளைத் தாண்டி இடப்பக்கம் நிற்கின்றாள். இடையில் 14 − 9 − 1 = 4 பேர். மொத்தத்திலிருந்து இரு எண்களையும் கண்மூடிக் கழிக்கும் பிள்ளைக்கு இங்கே எதிர்மறை எண் வந்து நிற்கும். அது வந்தால், இருவரும் ஒருவரையொருவர் தாண்டி நிற்கின்றனர் என்று அறிந்துகொள்ளலாம்.

இடம் மாறும் வினாவும் உண்டு. கலா இடமிருந்து 10ஆவது, வாணி வலமிருந்து 9ஆவது. இருவரும் இடம் மாறியதும் கலா இடமிருந்து 15ஆவதாகின்றாள். வரிசையில் எத்தனை பேர்? கலா இப்போது நிற்பது வாணியின் பழைய இடம். அந்த ஓரிடம் வலமிருந்து 9, இடமிருந்து 15. ஆகவே 9 + 15 − 1 = 23. ஆட்கள் மாறினர், இடங்கள் மாறவில்லை. இதை உணர்ந்தால் வினா பாதி விடுபட்டதாகும்.

இடத்தை எண்ணுவதும் இடைவெளியை எண்ணுவதும் ஒன்றல்ல என்பதற்கு எமது நொதேர்ன் இரயில் பாதையே நல்ல பாடநூல். மோர்டன், சவுத் விம்பிள்டன், கொலியர்ஸ் வூட், ரூட்டிங் புரோட்வே என நிலையங்கள் அமைந்துள்ளன. மோர்டனிலிருந்து எண்ணினால் ரூட்டிங் புரோட்வே 4ஆவது நிலையம். ஆனால் மோர்டனில் ஏறியவருக்கு அது 3ஆவது தரிப்பு. பிள்ளையோடு பயணிக்கும் பெற்றோர் இதனைச் சுட்டிக்காட்டினால் செலவில்லாத ரியூசன் ஆகும்.

நான்காம் விதி: உறுதியான கூற்றிலிருந்து தொடங்குக

கடினமான வினாக்களில் கூற்றுக்கள் வேண்டுமென்றே குழப்பித் தரப்படும். ஓர் எடுத்துக்காட்டு. ஆறு பேர் ஓடினர்: கலா, பாலன், சுதா, ரவி, வாணி, தேவன். எவரும் சமமாக வரவில்லை.

அ. சுதா வாணிக்கு முன்னரும் தேவனுக்குப் பின்னரும் வந்தாள்.
ஆ. கலா வந்து சேர்ந்ததும் அடுத்து வந்தவன் பாலன்.
இ. கலாவுக்கும் ரவிக்கும் இடையில் இருவர் வந்தனர்.
ஈ. ரவி நான்கு பேரை மட்டும் முந்தினான்.

ஆறு பேரை வரிசைப்படுத்த 720 வழிகள் உள்ளன. ஒவ்வொன்றாக முயன்று பார்ப்பது நடவாத காரியம். முதற் கூற்றிலேயே தொடங்குவதும் பயனற்றது. அது எவரையும் ஓர் இடத்தில் நிறுத்தவில்லை. நான்கையும் ஒருமுறை படித்து, எது ஒருவரை அசையாது நிறுத்துகின்றது என்று தேட வேண்டும். அது 'ஈ'. நால்வரை மட்டும் முந்தியவன் ஆறு பேரில் 2ஆம் இடத்தவன். அடுத்து 'இ'. இடையில் இருவர் என்றால் கலா மூன்று இடங்கள் தள்ளி நிற்க வேண்டும். ரவிக்கு முன்னர் ஓர் இடமே உள்ளதால் அவள் பின்னரே, அதாவது 5ஆம் இடத்திலே வந்திருக்க வேண்டும். கூற்று 'இ' அவள் முன்னரா பின்னரா என்று சொல்லவில்லை என்பதைக் கவனிக்க. 'ஆ' பாலனை 6ஆம் இடத்தில் நிறுத்துகின்றது. எஞ்சிய இடங்கள் 1, 3, 4. 'அ' கூறும் ஒழுங்கு தேவன், சுதா, வாணி. ஆகவே இறுதி வரிசை: தேவன், ரவி, சுதா, வாணி, கலா, பாலன். முடிவில் நான்கு கூற்றையும் மீண்டும் படித்துச் சரிபார்க்க வேண்டும். இதற்கு ஆகும் பத்து விநாடி வீணான பத்து விநாடி அல்ல.

வரிசை சொல்லாத செய்தி

இதுவரை கூறியவை பிள்ளைக்குரியவை. இனிக் கூறுபவை பெற்றோருக்குரியவை.

வரிசை யார் முன், யார் பின் என்று சொல்லுமேயன்றி எவ்வளவு முன், எவ்வளவு பின் என்று சொல்லாது. முதலாம் பிள்ளைக்கும் ஐந்தாம் பிள்ளைக்கும் இடையே இரண்டு புள்ளிகளே இருக்கலாம்; ஐந்தாம் பிள்ளைக்கும் ஆறாம் பிள்ளைக்கும் இடையே இருபது புள்ளிகள் இருக்கலாம். இடங்கள் குறைவாகவும் விண்ணப்பிப்போர் மிகையாகவும் உள்ள சோதனையில், கோட்டுக்கு மேலே உள்ள கடைசிப் பிள்ளையும் கோட்டுக்குக் கீழே உள்ள முதற் பிள்ளையும் ஏறத்தாழ ஒரே திறன் உடையவர்களே. கோட்டுக்குக் கீழே நின்ற பிள்ளையைப் 'பெயில்' என்று அழைக்கும் வீட்டார், வரிசையை அளவாகக் கொள்ளுகின்றனர்.

தரப்படுத்தல் என்ற சொல்லைப் பற்றியும் ஒன்று கூற வேண்டும். பல பதினொரு வயதுச் சோதனைகளில் மூலப் புள்ளிகள் அப்படியே கொள்ளப்படுவதில்லை. சோதனை நாளில் பிள்ளையின் வயதுக்கேற்பச் சீராக்கப்படுகின்றன. செப்டெம்பரில் பிறந்த பிள்ளையும் அடுத்த ஓகஸ்டில் பிறந்த பிள்ளையும் ஒரே வகுப்பில் இருப்பினும் இடையே ஏறத்தாழ ஓராண்டு உண்டு. பத்து வயதில் ஓராண்டு சிறிதன்று. ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் சொல்லைத் தமிழாக்கினால் தரப்படுத்தல் என்றே வரும். 1970களின் தொடக்கத்தில் இலங்கைப் பல்கலைக்கழக அனுமதியில் மொழிவாரியாகவும், 1974இலிருந்து மாவட்டவாரியாகவும் புகுத்தப்பட்ட முறைக்கு அதே சொல் வழங்கியது. அதனால் வாழ்க்கைப் பாதை மாறிய தலைமுறை ஒன்று எம்மிடையே பேரப்பிள்ளைகளோடு இன்றும் வாழ்கின்றது. அச்சொல்லைக் கேட்டதும் அவர்கள் முகம் கறுப்பது இயல்பே. ஆனால் ஒன்று பிள்ளை எந்த மொழியில் எழுதினான், எங்கிருந்து எழுதினான் என்று பார்த்தது. மற்றையது பிள்ளைக்கு எத்தனை மாதம் என்று மட்டும் பார்க்கின்றது. சொல் ஒன்றாயினும் பொருள் வேறு. இதை மூத்தோருக்கு விளக்குவது எமது கடமை.

பெற்றோர் விடுவிக்க வேண்டிய வினா

பிள்ளை எழுதும் நிரல் வினா ஒருபுறமிருக்க, பெற்றோரும் ஒரு நிரல் வினாவுக்கு விடை எழுத வேண்டியிருக்கின்றது. அதுவே உயர்தரப் பாடசாலைக்கான பொது விண்ணப்பப் படிவம். இலண்டனில் ஆறு பாடசாலைகளை விருப்ப ஒழுங்கில் நிரப்பலாம். மோர்டனில் வாழ்வோர் சட்டனிலுள்ள பாடசாலையை விரும்பினாலும், படிவத்தைத் தமது மேர்ட்டன் நகரசபையூடாகவே ஒக்ரோபர் 31க்கு முன் அனுப்ப வேண்டும். சோதனை செப்டெம்பரில் நடைபெறும். அதற்குக் கோடையிலேயே தனியாகப் பதிவு செய்ய வேண்டும். சோதனையில் தகுதி பெறுவது இடம் பெறுவதாகாது. தகுதி பெற்றோரை எவ்விதியின்படி நிரல்படுத்துவது என்பது பாடசாலைக்குப் பாடசாலை வேறுபடும். சில பாடசாலைகளில் வீட்டின் தூரமும் கணக்கில் எடுக்கப்படும். அவ்வாண்டுக்குரிய அனுமதி விதிகளைப் படிக்காமல் படிவத்தை நிரப்புதல் ஆகாது.

இப்படிவத்தைப் பற்றி எம்மிடையே உலவும் பிழையான நம்பிக்கைகள் பல. 'கிரமர் பாடசாலையை முதலில் எழுதினால் அயற்பாடசாலை கோபித்துக்கொள்ளும்' என்பது ஒன்று. 'ஒரே பாடசாலையை மட்டும் எழுதினால் வேறு வழியின்றித் தந்துவிடுவார்கள்' என்பது மற்றொன்று. இரண்டும் தவறு. முதலாம் விருப்பமாக எழுதியோருக்கு முன்னுரிமை தரும் பழைய வழக்கத்தை 2007ஆம் ஆண்டின் அனுமதி நெறிக்கோவை தடை செய்தது. நீங்கள் எத்தனையாவதாக எழுதினீர்கள் என்பதைக் கொண்டு பாடசாலை உங்கள் பிள்ளையை நிரல்படுத்துவதில்லை. ஒவ்வொரு பாடசாலையும் தன் விதிப்படி நிரல்படுத்துகின்றது. ஒன்றுக்கு மேற்பட்ட பாடசாலைகளில் இடம் கிடைக்கும் நிலை வந்தால், உங்கள் பட்டியலில் மேலே உள்ளது தரப்படும். மற்றையவை அடுத்த பிள்ளைகளுக்குச் செல்லும். முடிவு மார்ச் முதலாம் திகதி அறிவிக்கப்படும். இரு பக்கத்தாரின் விருப்ப வரிசைகளை இவ்வாறு பொருத்தும் முறையை 1962இல் கேல், ஷாப்லி என்னும் இரு கணித அறிஞர் ஆராய்ந்து வெளியிட்டனர். அதனோடு தொடர்புடைய ஆய்வுக்காக ஷாப்லிக்கு 2012இல் பொருளியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது.

இதிலிருந்து பெறப்படும் அறிவுரை எளிது. உண்மையில் விரும்பும் ஒழுங்கிலேயே எழுதுக, தந்திரம் தேவையில்லை. ஆனால் பிள்ளைக்கு இடம் கிடைப்பது ஏறத்தாழ உறுதி என்னும்படியான ஓர் அயற்பாடசாலையைப் பட்டியலிற் சேர்க்காமல் விடலாகாது. ஆறு இடத்தையும் எட்டாக் கனிகளால் நிரப்பியவருக்கு எதுவும் கிடைக்காதவிடத்து, எஞ்சியிருக்கும் எங்கோவொரு பாடசாலையே ஒதுக்கப்படும். அப்பாடசாலைக்கு இரண்டு பேருந்து மாறிச் செல்லப்போவது பிள்ளையே.

பயிற்சிக்குச் சில வினாக்கள்

1. 31 பேர் உள்ள வகுப்பில் மாலதி மேலிருந்து 9ஆம் பிள்ளை. கீழிருந்து எத்தனையாம் பிள்ளை?

2. 25 பேர் நிற்கும் வரிசையில் பாலன் இடமிருந்து 16ஆவது, ரவி வலமிருந்து 14ஆவது. இருவருக்கும் இடையில் எத்தனை பேர்?

3. நந்தினி சிவாவைவிட மூத்தவள், குமரனைவிட இளையவள். இளங்கோ குமரனைவிட இளையவன். மிக மூத்தவர் யார்? மிக இளையவர் யார்?

4. ஓட்டப்போட்டியில் இரண்டாவதாக ஓடிக்கொண்டிருந்தவனை நீர் முந்திவிட்டீர். இப்போது உமது இடம் யாது?

5. காங்கேசன்துறையிலிருந்து தெற்கே புறப்பட்ட புகைவண்டி இணுவிலுக்குப் பின் கோண்டாவிலை அடையும். மல்லாகத்துக்குப் பின் சுன்னாகத்தை அடையும். சுன்னாகத்துக்குப் பின்னரே இணுவில் வரும். நான்கு நிலையங்களையும் ஒழுங்குபடுத்துக. (1990இல் நின்றுபோன இவ்வண்டி 2015 சனவரியில் மீண்டும் காங்கேசன்துறையை எட்டியது. இவ்வினாவைப் பாட்டனாரிடம் கொடுத்தால் கோடு வரையாமலே விடை சொல்லுவார். பேரப்பிள்ளை கோடு வரைந்து அவரைச் சரிபார்க்கட்டும்.)

விடைகள்: 1. 23ஆம் பிள்ளை. 2. மூவர். 3. மிக மூத்தவர் குமரன். மிக இளையவர் யார் என்பதைத் தீர்மானிக்க முடியாது, சிவாவாகவோ இளங்கோவாகவோ இருக்கலாம். 4. இரண்டாம் இடம். 5. மல்லாகம், சுன்னாகம், இணுவில், கோண்டாவில்.